புள்ளி வைக்காத கோலம்

மார்கழி மாதத்தில் வாசலில் கோலமிடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். சிலர் புள்ளிகளை எண்ணி வைத்த பிறகே கோடு இழுப்பார்கள். வேறு சிலர் புள்ளியே வைக்காமல் கையை ஓட விடுவார்கள். இரண்டும் கோலந்தான். தொடங்கிய கோடு கடைசியில் வந்து சேர வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் பொது. நாவல் எழுதுவோரிலும் இவ்விரு வகையினர் உண்டு.

கட்டுரை எழுதுமுன் குறிப்புச் சட்டகம் எழுதுமாறு நம் ஆசிரியைகள் கற்பிக்கிறார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுத்துக்கொண்டால் கட்டுரை தடம் மாறாது. ஆனால் கதை எழுத ஆசைப்படும் தோழியர் பலருக்கு, முடிவை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் பேனா நகர மறுக்கிறது. திட்டமில்லாமல் தொடங்கினாலோ, மூன்று அத்தியாயங்கள் பாய்ந்து ஓடிய கதை நான்காவதில் நின்றுவிடுகிறது. நோட்டுப் புத்தகம் பெட்டிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. "எனக்கு எழுத வராது" என்ற எண்ணமும் அதனுடன் மனத்தின் அடியில் தங்கிவிடுகிறது. நோட்டுப் புத்தகம் போனால் போகட்டும். இந்த எண்ணந்தான் பெரிய நஷ்டம்.

முன்னால் திட்டமிட இயலாதது ஒரு குறையன்று. அப்படிப்பட்டவர்கள் எழுதிக்கொண்டே போய், பின்னால் திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவே.

ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டோல்கீனின் 'தி ஹாபிட்' என்னும் நூல் 1937-ஆம் ஆண்டு வெளிவந்து வெற்றி பெற்றது. தொடர்ச்சி வேண்டும் என்று பதிப்பாளர் கேட்கவே, அவ்வாண்டு டிசம்பரில் அவர் எழுத உட்கார்ந்தார். அதுவே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதையாயிற்று. அதில் ஒரு விடுதியின் மூலையில் முன்பின் அறியாத ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவன் யாரென்று எழுதியவருக்கே அப்போது தெரியாது! முதற்படிகளில் அவன் மரக்காலணி அணிந்த குள்ளன். எழுத எழுத, அவன் மறைந்து வாழும் அரச வாரிசு என்பது ஆசிரியருக்குப் புலப்பட்டது. உடனே அவர் பின்னோக்கிச் சென்று, முந்தைய அத்தியாயங்களை அதற்கேற்பத் திருத்தினார். நாட்கணக்கு, நடந்த தூரம், நிலவின் வளர்பிறை தேய்பிறை ஆகியவற்றையும் சரிபார்த்துக் கொண்டார். நடுவில் ஏறக்குறைய ஓராண்டு கதை நகரவேயில்லை. நூல் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்தது. அந்த மூலையில் இருந்தவன் அரசனாகத் திரும்புவதே மூன்றாம் பகுதியின் தலைப்பு.

இடையில் நின்றுவிட்ட கதையை நகர்த்துவது எப்படி? சார்லஸ் டிக்கன்ஸிடம் ஒரு வழி இருக்கிறது. 1836-இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலை அவர் பெரிய திட்டமின்றியே மாத வெளியீடாகத் தொடங்கினார். அச்சாகிவிட்ட பகுதியை யாரால் மாற்ற முடியும்? பின்னாளில், 1846-இல் தொடங்கிய 'டோம்பி அண்டு சன்' முதலாக, ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை ஒதுக்கினார். தாளின் இடப்பக்கத்தில் தமக்குத் தாமே கேட்கும் கேள்விகள்: இவரைக் கொண்டு வரலாமா? இந்த இரகசியத்தை வெளியிடலாமா? பக்கத்திலேயே "ஆம்", "இல்லை", "இப்போது வேண்டாம்" என்பன போன்ற சிறு விடைகள். வலப்பக்கத்தில் அத்தியாயங்களின் சுருக்கம். முழுக் கதைக்கும் வரைபடம் தேவையில்லை. அடுத்த பகுதிக்கான கேள்விகள் இருந்தால் போதும் என்பதை இத்தாள்கள் நமக்குக் காட்டுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். உங்கள் கதையில் பாட்டி ஒரு டிரங்குப் பெட்டியைப் பூட்டியே வைத்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது. நான்காம் அத்தியாயத்தில் கதை நிற்கிறது. இப்போது புதிதாக எதையும் எழுத வேண்டாம். எழுதி முடித்த அத்தியாயங்களைப் படித்து, ஒவ்வொன்றிலும் நடந்ததை இரண்டு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். பெட்டி திறக்க வேண்டும் என்று துடிப்பவர் யார்? தடுப்பவர் யார்? திறந்தால் யாருக்கு என்ன இழப்பு? பேத்தியின் படிப்புக்காகச் சேர்த்த பணம் உள்ளே இருக்கிறது, அது சித்தப்பாவின் கடனுக்குப் போய்விடும் என்று பாட்டி அஞ்சுகிறாள் என விடை கிடைத்தால், கதைக்கு உயிர் வந்துவிட்டது. இனி முதல் அத்தியாயத்திற்குத் திரும்பி, பாட்டியின் இடுப்பில் ஒரு சாவியைச் செருகுங்கள். வாசகர் அதை முன்பே திட்டமிட்டதாகவே நினைப்பார்.

முடிவும் இப்படியே திருத்தத்தில் பிறக்கலாம். ஜேன் ஆஸ்டின் 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலையில் முடித்தார். ஆனால் அவருக்கு மனநிறைவில்லை. முதலில் எழுதிய முடிவில், கடற்படைத் தளபதி ஒருவர் இடைபுகுவதால் பிரிந்தவர்கள் சேர்கிறார்கள். சில வாரங்களில் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு, இரண்டு அத்தியாயங்களைப் புதிதாக எழுதினார். இம்முறை, நாயகி ஆன் வேறொருவரிடம் மனம் திறந்து பேசும் சொற்கள் நாயகனின் காதில் விழுகின்றன; அவன் கடிதம் எழுதுகிறான். வெளியிலிருந்து வந்த முடிவு, நாயகியின் சொல்லிலிருந்தே பிறந்த முடிவாக மாறியது. நீக்கிய கையெழுத்துப் படி இன்றும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சிறந்த எழுத்தாளரும் அடித்து எழுதினார் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே தோழியரே, விடுமுறையில் அந்தப் பெட்டியடி நோட்டை வெளியே எடுங்கள். பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்: பாதியில் நிற்கும் கதையைக் கண்டால், "முடிவு என்ன?" என்று மகளைக் கேட்காதீர்கள். "இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேளுங்கள். அவள் விடை சொல்லத் தொடங்கும்போது அடுத்த அத்தியாயமும் தொடங்கியிருக்கும்.