வேர் தேடும் வழி – 9: பூட்டனார் எங்கே பிறந்தார்?

கிராண்ட்பாஸில் பிறந்த ஒருவர் தன் முன்னோரை இணையத்தில் தேட உட்கார்ந்தால், முதலில் அகப்படுவது டச்சுக்காரர் காலத்துப் பதிவுகள்தான். ஃபேமிலிசேர்ச் தளத்தில் இலங்கை டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவுகள் 1677 முதல் இருக்கின்றன. கணக்குத் திறக்கப் பணம் வேண்டாம். பறங்கியர் குடும்பம் என்றால் பல தலைமுறைகள் வரிசையாக வந்து நிற்கும். மலையகத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கி வந்து, கிராண்ட்பாஸ் என்ற இதே பாலத்துறையில் குடியேறிய நம்மவர்களின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது.

அதனால் தேடலை இணையத்தில் தொடங்காதீர்கள். அலுமாரியைத் திறந்து அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். பிறந்த திகதி, இடம், தந்தையின் இனம், பெற்றோர் விவாகமானவர்களா என்ற விபரங்களுக்குக் கீழே இரண்டு கூடுகள் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்பது ஒன்று. தந்தை இலங்கையில் பிறக்காதவராக இருந்து, பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்பது மற்றது. இந்த இரண்டு கூடுகளிலும் வெறும் கோடு இழுத்த சான்றிதழ்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு.

அந்தக் கூடுகளின் பின்னால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிற்கிறது. அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று முப்பது வயதான ஒருவரின் பூட்டனார் 1840ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியதோ 1867இல். பதிவே இல்லாத காலத்தில் பிறந்தவருக்கு அத்தாட்சி கேட்டது அந்தச் சட்டம். இந்திய வம்சாவளியினரான லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சியவர்களுக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. வெறும் கோட்டைப் பார்த்து, 'நம் ஆட்கள் ஒன்றையும் பதிந்து வைக்கவில்லையே' என்று பெரியவர்கள் நொந்துகொள்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளையைப் பற்றி அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துரையிடம் இருந்தது. குற்றம் அந்தத் தாய்தகப்பனுடையது அல்ல.

சரி, தேடுவது எப்படி? 1960 ஜனவரி 1க்குப் பின் பதிவானவற்றின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாகவும் கேட்கலாம். பதிவிலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தேடித் தரச் சொன்னால் கூடும். அதற்கு முந்தியது என்றால் பிறந்த மாவட்டம் தெரியவேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவரைக் கொழும்புப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. எங்குமே பதிவு இல்லை என்று உறுதியானால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது.

இணையத்தில் பெயர் தேடும்போது கவனம் வேண்டும். முத்தையாவை ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டும் எழுதியிருப்பார்கள், இரண்டு போட்டும் எழுதியிருப்பார்கள். கடைசியில் 'எச்' இருந்தாலும் இருக்கும். சந்தேகமான எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த இடத்தில் தகப்பன் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பிறகு இரண்டையும் மாற்றிப் போட்டும் பாருங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. கிராண்ட்பாஸ் புனித சூசையப்பர் ஆலயம் போன்ற பங்குகளின் ஞானஸ்நானப் புத்தகங்களில் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். பிற்பாடு நடந்த விவாகத்தை அதே பதிவின் ஓரத்தில் குறிப்பதும் திருச்சபை வழக்கம். ஒரே வரியில் மூன்று குடும்பங்கள் கிடைக்கலாம். பங்குத்தந்தையிடம் ஆண்டையும் பெயரையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இந்துக்களில் பழைய தலைமுறையினர் பலர் தாலி கட்டியதோடு சரி, விவாகத்தைப் பதியவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுதான் துணை.

இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போனால் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் வரும், கப்பலேறுமுன் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாம் வரும், அதற்கும் அப்பால் திருச்சியோ புதுக்கோட்டையோ ராமநாதபுரமோ வரும். இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் பூட்டனாரின் கிராமத்துப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள், குலதெய்வக் கோயிலின் பெயரோடு. மண்டபத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.