உங்களுக்குத் தெரியுமா? பாரிஸில் ஓடுவது சேன்தானா?

பாரிஸ் என்றாலே சேன் நதிதான். ஆனால் நகருக்குத் தென்கிழக்கே, மோந்த்ரோ என்ற ஊரில் சேனும் யோன் என்ற நதியும் கூடுகின்றன. அங்கே அதிகத் தண்ணீர் கொண்டுவருவது யோன்தான்: சராசரியாக வினாடிக்குச் சுமார் 93 கன மீட்டர். சேன் தருவது 80 அளவில். நீர்வரத்துதான் கணக்கு என்றால் ஈஃபிள் கோபுரம் நிற்பது யோன் கரையில்! பாரிஸ்காரர்களோ சேனை விடுவதாக இல்லை. பர்கண்டியில் அது ஊறும் இடத்தையே 1864இல் மாநகராட்சி வாங்கிவிட்டது. ஊற்றின்மேல் செயற்கைக் குகை கட்டி, சாய்ந்த கோலத்தில் பெண் சிலையும் வைத்தது. ரோமானியர் காலத்தில் அங்கே செக்வானா என்ற நதித்தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. 1933இல் கிடைத்த அவளது வெண்கலச் சிலையை திஜோன் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வாத்து வடிவப் படகில் நிற்கிறாள். வாத்தின் அலகில் ஒரு சின்ன உருண்டை.