வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

கிழக்கேகோட்டையில் வாழும் நமக்குச் சங்குமுகம் கடல் புதிதல்ல. பத்மநாப சுவாமி ஆண்டுக்கு இருமுறை ஆராட்டுக்கு எழுந்தருளும் கடலாயிற்றே! அங்கிருந்து குடத்தில் நீர் கொணர்ந்துதான் எங்கள் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்தோம்.

கோடையில் தொட்டி நீர் இரண்டு விரற்கடை குறைந்தது. மேலும் கடல்நீரையே ஊற்றினேன். சில வாரங்களில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. குழந்தைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நான் ஊற்ற ஊற்ற உப்பு ஏறியிருக்கிறது! குறைந்த அளவுக்குக் குளோரின் நீங்கிய நல்ல தண்ணீரையே விட வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, ஹைட்ரோமீட்டரில் 1.025 அளவு. தொட்டி சிறிதானால் இது வேகமாக மாறும், தினமும் பாருங்கள்.

மழைக்காலத்தில் கரையோர நீர் கலங்கி உப்பும் குறைந்திருக்கும்; அப்போது எடுக்காதீர்கள். மீன் கழிவின் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரமாகும், அதுவரை பொறுங்கள்.

பவளம் வைக்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் 2001 முதல் பவளப்பாறைகளை உருவாக்கும் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். சுட்ட மண்ணோட்டை அடுக்கினாலே மீன்கள் புகுந்துகொள்ளும். விழிஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அவ்வாறு வளர்ந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். உலர்ந்த தீனிக்கும் எளிதில் பழகும். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அப்படி ஒரு ஜோடிதான்.