வேனிற் பள்ளியும் கூதிர் மனையும்

சிங்கப்பூரின் டோபி காட் என்னும் வட்டாரத்திற்குத் தமிழில் பெயர் வைத்தால் வண்ணார் துறை என்றுதான் வைக்க வேண்டும். டோபி என்பது துணி வெளுப்பவரையும், காட் என்பது படியிறங்கும் நீர்த்துறையையும் குறிக்கும் வடநாட்டுச் சொற்கள். 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர் இவ்விடத்து ஓடையில் துணி துவைத்தனர். அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். அந்த ஓடை பின்னர் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆயிற்று. துறை மறைந்தது, பெயர் நிலைத்தது.

அதே வட்டாரத்தில்தான் 1939ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் கேத்தே திரையரங்கு திறக்கப்பெற்றது. குளிர்சாதனம் பொருத்தப்பெற்ற திரையரங்கு அது. வெளியே வெயில் காய, உள்ளே குளிர்ந்த காற்றில் அமர்ந்து படம் பார்ப்பது அந்நாளில் பெரும் புதுமை. 1987இல் டோபி காட்டில் நிலத்தடி ரயில் நிலையம் வந்தபொழுது அக்குளிர் நிலத்தின் கீழும் இறங்கியது.

இவ்வாறு சிங்கப்பூர் மாணவர் அறிந்த குளிர் பொறியால் உண்டாக்கப்படும் குளிர். அது காசு கொடுத்துப் பெறும் இன்பம். ஆதலின் பழந்தமிழ்ப் பாட்டில் வாடை என்ற சொல் வரும்போது, இனிய தென்றலுக்கு அது ஒரு தங்கை என்பது போல அவர் எண்ணிக்கொள்கிறார். நெடுநல்வாடையைக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் நீக்க வேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆனது. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர். பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். தலைவனைப் பிரிந்த அரசிக்குப் பொழுது நீண்டதாகத் தோன்றுவதால் அவ்வாடை நெடியது. போர்மேற் சென்ற அரசனுக்கு வெற்றி தருவதால் நல்லது என்று பெயர்க்காரணம் கூறுவர். பொருளைப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் இப்பாட்டு ஒரு வீட்டைக் குளிர்காலத்திற்கு ஏற்ப மாற்றியமைப்பது எவ்வாறு என்பதையும் அறையறையாகக் காட்டுகிறது. அந்தப் பகுதியை வகுப்பில் விரைந்து கடந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். பனி இன்னும் வரவில்லை. ஆனால் ஓயாத தூறலும் வடகாற்றும் சேர்ந்து உடலை நடுக்கும் காலம். இடையர் கையில் கொள்ளி ஏந்திக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவை தன் கன்றையே உதைக்கின்றது. இவ்வளவையும் புலவர் சில அடிகளிற் சொல்லி முடித்து, ஊருக்குள் நுழைந்து வீடுகளைப் பார்க்கத் தொடங்குகிறார்.

கதிரவன் தெரியாத நாள்களில் மாலை வந்ததை வீட்டுப் பெண்கள் எப்படி அறிகின்றனர்? தட்டிலே வைத்த பிச்சி அரும்பு விரிந்து மணக்கிறது. அதைக் கொண்டு பொழுதறிந்து இரும்பு விளக்கை ஏற்றுகின்றனர். இறப்பில் வாழும் புறா இரவு எது, பகல் எது என்று அறியாமல், இரை தேடவும் போகாமல், கால் மாற்றிக் கால் வைத்து நிற்கிறது. குளிர்ந்த நாளில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதன் சோர்வை இந்தப் புறாவைவிட நன்றாகக் காட்டுவது அரிது.

இனி வீட்டின் மாற்றத்தைக் காண்போம். முதலில் ஒதுக்கப்படுபவை. சந்தனம் அரைக்கும் வெண்ணிற வட்டக்கல் வடநாட்டார் கொண்டுவந்தது. சந்தனமோ தென்திசைப் பொருள். இரண்டும் இப்பொழுது வேண்டாதனவாயின. சிவந்த விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டிவிட்டனர். அதன்மேல் சிலந்தி நூல் படிந்துவிட்டது. வேனிற்காலத்தில் உறங்கும் மேல்மாடத்து அறையில் தென்றல் வரும் சாளரங்களின் கதவுகளைத் தாழிட்டாயிற்று. குவிந்த வாயுடைய கலத்துத் தண்ணீரை எவரும் தொடுவதில்லை.

ஆசிரியர்கள் இங்கே சொற்களில் நின்று செல்ல வேண்டும். வட்டம் என்ற சொல் சில அடிகளுக்குள் இரண்டு முறை வருகிறது. ஒரு முறை அது அரைக்கும் கல், மறுமுறை அது விசிறி. ஒன்று வெண்மை, மற்றது செம்மை. கட்டளை என்பது இங்கே ஆணை அன்று, சாளரம். கன்னல் என்பது கரும்பு அன்று, நீர்க்கலம். அகராதி பாராமல் உரை சொல்லும் மாணவன், எவரும் கரும்பு தின்னவில்லை என்று எழுதிவிடுவான்!

அடுத்து, கொண்டுவரப்படுபவை. சந்தனத்தின் இடத்தில் பணியாளர் வேறு நறுமணக் கூட்டுகளை அரைக்கின்றனர். பெண்கள் கூந்தல் நிறைய மாலை சூடாமல் சில பூக்களே வைத்து, தகர விறகில் தீயிட்டு அகிலும் அயிரும் புகைக்கின்றனர். கூம்பிய வாயுடைய நீர்க்கலம் போய், அகன்ற வாயுடைய தடவு வருகிறது. தடவு என்பது தணல் இடும் பாத்திரம். இந்நாளில் கணப்புச் சட்டி என்போம். வாய் குவிந்த கலத்தையும் வாய் விரிந்த கலத்தையும் அடுத்தடுத்த அடிகளில் நிறுத்தியிருப்பது தற்செயல் அன்று. ஒன்று குளிர்ச்சியைக் காப்பது, மற்றது வெம்மையைப் பரப்புவது.

இம்மாற்றங்கள் வெறும் வழக்கம் அல்ல. ஈரச் சந்தனத்தில் உள்ள நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வேனிலில் இன்பமான இது கூதிரில் துன்பம். தூறல் காலத்தில் அடர்ந்த கூந்தல் எளிதில் உலராது. அகிற்புகை அதை உலர்த்தி மணமும் ஊட்டும். இந்த அகில் தென்கிழக்காசியக் காடுகளில் விளைவது. மலாய்க்காரர் காஹாரு என்பர். அம்மரங்களுள் ஒன்றின் அறிவியற் பெயரிலேயே மலாக்கா இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையை இதனோடு சேர்த்துப் படிப்பது பெரும்பயன் தரும். அங்கே நிலா முற்றத்தில் காதலரோடு மகிழ்ந்திருக்கும் மகளிர், மேற்கிலிருந்து வந்த அயிரையும் கிழக்கிலிருந்து வந்த அகிலையும் ஒதுக்கிவிட்டு, வடமலைக் கல்லில் தென்மலைச் சந்தனம் அரைக்கின்றனர். அதே கல், அதே சந்தனம், அதே அகில்; நக்கீரர் காட்டிய காட்சி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஊர்காண் காதையிலோ மதுரையின் செல்வர் கூதிர் வந்ததும் மாடத்தின் இடைநிலத்தில் தங்கிச் சிறு சாளரங்களை அடைத்துக்கொள்கின்றனர். கோடைக்கு மேல்மாடம், குளிருக்கு நடுத்தளம். ஒரே வீட்டுக்குள் பருவத்திற்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தனர் என்பது இதனால் விளங்கும்.

சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளைப் பார்த்தவர்க்கு இங்கே ஒரு வேறுபாடு புலப்படும். ஐந்தடி நடைபாதை, வீட்டின் நடுவே திறந்த வானவெளி, காற்றுப் புகும் சட்டங்கள் அமைந்த சன்னல், உயர்ந்த கூரை ஆகிய எல்லாம் வெப்பத்தை வெளியேற்றுவதற்காகவே அமைந்தவை. அவ்வீடு ஆண்டு முழுவதும் வேனிற் பள்ளி. மழை மிகும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் அது கூதிர் மனையாக மாற வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சில நாள் வெப்பநிலை 22 பாகைக்குக் கீழே இறங்கியதே ஊரெங்கும் பேச்சாயிற்று. இன்றைய அடுக்குமாடி வீட்டிலோ சன்னலை அடைத்துக் குளிர்சாதனத்தை முடுக்கி, பிறகு கனத்த போர்வைக்குள் புகுந்துகொள்கின்றனர். கூதிரைக் கட்டணம் கட்டி வரவழைத்து, அதனின்று தப்பப் போர்வையும் வாங்கும் விந்தை இது.

உண்மையாகவே குளிரும் நாடுகளில் மக்கள் கண்ட வழிகள் நக்கீரர் சொன்னவற்றுக்கு அண்மையில் உள்ளவை. காசுமீரத்தார் தணல் இட்ட மண்கலத்தைப் பிரம்புக் கூடையில் வைத்து நீண்ட அங்கியினுள் ஏந்திச் செல்வர். அதன் பெயர் காங்கிரி. சப்பானியர் தாழ்ந்த மேசையின் அடியில் கணப்பு வைத்து, மேலே மெத்தை விரித்துக் குடும்பத்தோடு கால் நீட்டி அமர்வர். ஐரோப்பியப் பிரபுக்கள் தம் கற்கோட்டைகளின் சுவரில் கம்பளிச் சித்திரங்களைத் தொங்கவிட்டனர். அழகுக்கு அழகு, குளிருக்கும் தடுப்பு.

நக்கீரர் பின்னர் அரண்மனைக்குச் செல்கிறார். நூல் வல்லோர் கோல் நாட்டி நிழல் பார்த்துக் கயிறிட்டு அளந்து கட்டியது அது. கொடியேந்திய யானை புகும் அளவு உயர்ந்த வாயில். உள்ளே வெள்ளி போல் ஒளிரும் சுண்ணச் சாந்து, நீலமணி போன்ற தூண்கள், செம்பினால் செய்தவை போன்ற சுவர்கள், அவற்றில் வளைந்தோடும் பூங்கொடி ஓவியம். யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகலில் நெய் வார்த்துத் திரி எரிகிறது. அறைதோறும் இருள் நீங்குகிறது.

இவற்றுக்கு நடுவே அரசியின் கட்டில். நாற்பது வயது நிரம்பிப் போரில் மடிந்த யானையின் தந்தத்தால் ஆனது. குடம் போலத் திரண்டும், பூண்டு போன்ற உறுப்புப் பொருந்தியும் அமைந்த கால்கள். சுற்றிலும் முத்து வடங்கள். சாயம் ஊட்டிய பலவகை மயிர்களைக் கலந்து, சிங்க வேட்டையைச் சித்திரமாகக் காட்டிய விரிப்பு. அதன்மேல் அன்னத்தின் தூய தூவி பெய்த அணை. மயிரும் தூவியும் தாமே வெம்மை உடையன அல்ல. அவற்றின் இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று உடலின் சூட்டை வெளியே போகவிடாது. இன்றும் குளிர்நாட்டார் பறவைத் தூவி அடைத்த மெத்தையை விலை மிகக் கொடுத்து வாங்குவது இக்காரணத்தால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கஞ்சியிட்டு வெளுத்த துகில் விரிக்கப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லப்படாத ஒரு சலவைத் தொழிலாளியின் உழைப்பு அது. தூறல் நில்லாத மாதத்தில் துணியைத் துவைத்துக் கஞ்சியேற்றி உலர்த்தி எடுப்பது எளிய வேலை அன்று. டோபி காட்டின் புல்வெளியில் வடகிழக்குப் பருவமழையோடு போராடியவர்கள் அதை நன்கு அறிந்திருப்பர். தந்தமும் முத்தும் தச்சரும் பிறரும் ஒருமுறை செய்து வைத்தவை. இந்த வெளுத்த துகிலோ மீண்டும் மீண்டும் புதிதாகச் செய்யப்பட வேண்டிய ஆடம்பரம்.

அந்த வெள்ளைத் துகிலின்மேல் இருக்கும் அரசி உடுத்தியிருப்பது எது? மாசேறிய நூலாடை. முன்பு பூந்துகில் உடுத்தவள் இப்பொழுது அதை உடுத்தவில்லை. முத்தாரம் கிடந்த மார்பில் தாலி ஒன்றே தொங்குகிறது. பொன்வளை அணிந்த கையில் சங்குவளை. படுக்கையின் துணி வெளுத்திருக்க, அவள் ஆடை அழுக்கேறியிருக்கிறது. இரண்டு துணிகளையும் புலவர் ஒப்பிட்டுப் பேசவில்லை. சில அடிகள் இடைவிட்டு வைத்துவிட்டுச் செல்கிறார். அரண்மனைப் பணியாளர் குளிர் புகாமல் எல்லாம் செய்து முடித்துவிட்டனர் என்பதற்கு முதல் துணி சான்று. அவ்வளவு செய்தும் ஒரு குளிர் போகவில்லை என்பதற்கு இரண்டாம் துணி சான்று. வண்ணம் தீட்டாமல் கோடு மட்டும் இழுத்துவிட்ட ஓவியம் போல் அவள் இருக்கிறாள். நரைத்த கூந்தற் செவிலியர் ஆறுதல் சொல்கின்றனர். அவள் மேற்கட்டியில் எழுதிய திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

கணப்பையும் அகிலையும் மட்டும் விளக்கி நிறுத்திவிட்டால், நெடுநல்வாடை வீட்டு அலங்காரப் பட்டியலாக முடிந்துவிடும். அலங்காரத்தை விட்டுவிட்டுப் பிரிவை மட்டும் சொன்னாலோ அந்தப் பிரிவின் அளவு மாணவனுக்குத் தெரியாது. ஓட்டைக் குடிசையில் நடுங்குபவளின் துன்பத்திற்குக் காரணம் பல சொல்லலாம். இங்கே புலவர் ஒவ்வொரு காரணமாக அடைத்துக்கொண்டே வருகிறார். சாளரத்தை அடைக்கிறார், தணலை நிரப்புகிறார், தூவியைப் பரப்புகிறார். எஞ்சி நிற்கும் காரணம் ஒன்றே.

அக்காரணமானவன் பாசறையில் இருக்கிறான். அங்கே விளக்குச் சுடர்கள் வடகாற்றில் தெற்கு நோக்கிச் சாய்ந்து எரிகின்றன. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்சென்று புண்பட்ட வீரரைக் காட்டிவர, அரசன் பின்தொடர்கிறான். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளம்; பெயரைக் கூறாமல் அடையாளத்தைக் கூறியதால் இப்பாட்டு அகம் அன்று, புறமே என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். அம்முடிவை ஏற்பதா என்பது தமிழாசிரியர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் செய்தி. நள்ளிரவிலும் அரசன் படுக்கை கொள்ளவில்லை. சேறு படிந்த தெருவில் குதிரைகள் தம்மேல் விழுந்த துளியை உதறுகின்றன. அவன் தோளிலிருந்து நழுவிய மேலாடையை இடப்பக்கமாக அணைத்துக்கொண்டு அடுத்த வீரனிடம் செல்கிறான்.