வீட்டுக்காரருக்கு விறைப்புக் குறைந்தால்

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நாட்டிலேயே சர்க்கரை நோய் அதிகம் உள்ள மாநிலம் கோவா: 26.4 சதவீதம். அதற்கு அடுத்த இடம் நம்ம புதுச்சேரிக்கு: 26.3. நாடு முழுவதற்கும் சராசரி 11.4 தான். இங்கே பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் சர்க்கரைக்காரர் என்று கணக்கு. சேதராப்பட்டு டீக்கடையில் காலையில் கொஞ்ச நேரம் நின்றால் ‘சக்கர இல்லாம ஒண்ணு’ என்ற குரல் எத்தனை தடவை கேட்கிறது என்று தெரியும். ஆனால் சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விறைப்பும் குறைகிறது என்பதை டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. வீட்டிலும் பேசுவதில்லை. அதனால்தான் இதை மனைவிமார்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

நம்ம ஊரில் இதை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் வருவதில் பெரும்பகுதி ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டது. ஆசை வந்ததும் நரம்பு முனையிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. குழாய்ச் சுவர் தளர்கிறது. ரத்தம் பாய்ந்து உள்ளேயே தங்குகிறது. விறைப்பு என்பது இவ்வளவுதான். அந்தக் குழாயின் அகலம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பீடி, சிகரெட் எல்லாம் சேர்ந்து குழாயைக் கெடுக்கும்போது சின்னதுதான் முதலில் அடைபடும். ஊசுட்டேரியில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்கிற மாதிரி. விறைப்புக் கோளாறு தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இதய நோய் தலைகாட்டுவது பலரிடம் பார்த்த விஷயம். ஆக, கட்டிலில் தெரிந்தது நெஞ்சுக்கு வந்த முன்னறிவிப்பாக இருக்கலாம்.

பெண்ணுக்கு இது தெரியாதபோது முதலில் வருகிற நினைப்பு வேறு. ‘என்னைப் பிடிக்காமல் போச்சா? வேற எங்கயாவது தொடர்பா?’ அவருக்கோ, ‘நான் ஆம்பளையே இல்லையா?’ அவர் ஓவர்டைம் கேட்டு வாங்கிக் கொள்வார், மொட்டைமாடியில் பாயைப் போடுவார், நடுராத்திரி வரை போனைப் பார்ப்பார், இரண்டு கட்டிங் கூடுதலாகப் போடுவார். நீங்கள் வாய் திறக்காமல் பொறுத்துப் போகிறேன் என்று நினைக்கிறீர்கள். உங்கள் மௌனத்தை அவர் தீர்ப்பாக எடுத்துக் கொள்கிறார். இந்த விஷயத்தில் பொறுமை என்ற பெயரில் நடப்பதில் பாதி, ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இருப்பதுதான் என்பது என் கருத்து.

பேச வேண்டிய இடம் படுக்கை இல்லை. முடியாமல் போன அந்த ராத்திரியும் வேண்டாம். வில்லியனூர் கோவிலுக்கோ மயிலத்துக்கோ வண்டியில் போகும்போது பின்னால் உட்கார்ந்து பேசுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ஆண்களுக்குப் பேச்சு வரும். ‘என்னங்க, எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டாக்டரைப் பாத்துடலாம். அப்படியே சுகரும் பாத்துடலாம்’ என்றால் போதும். ‘பரவால்லங்க, எனக்கு அதெல்லாம் இனி வேணாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறுதலுக்குச் சொல்வதுதான், ஆனால் கதை முடிந்தது என்று அவர் காதில் விழும். மாமியாரிடமோ நாத்தனாரிடமோ இதைக் கொண்டுபோக வேண்டாம். சண்டையில் ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

டாக்டர் கேட்கப் போவதை முன்பே யோசித்து வையுங்கள். படிப்படியாக வந்ததா, திடீரென்றா? விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு இருக்கிறதா? அது நன்றாக இருந்து உறவின்போது மட்டும் இல்லையென்றால் மனக் காரணம் இருக்கலாம். அதுவும் குறைந்திருந்தால் உடல் காரணத்தைத் தேட வேண்டும். கொதிப்புக்கான சில மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் இதைச் செய்யும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் மாற்றித் தரக் கேட்கலாம். கொதிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம்.

கல்யாணமாகிச் சில மாதமே ஆன ஜோடி என்றால் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் பயம்தான். கைப்பழக்கத்தால் சக்தி போய்விட்டது என்று பையன் உள்ளுக்குள் நொந்து கிடப்பான். அதனால் இது வருவதில்லை. வெளியே ‘விசேஷம் உண்டா?’ என்ற கேள்வி. இந்து திருமணச் சட்டம் 1955-இல் ஆண்மைக் குறைவால் உறவு நடக்காத திருமணத்தை ரத்து செய்ய வழி இருப்பதால், சில குடும்பங்கள் டாக்டருக்கு முன்னால் வக்கீலைப் பார்த்துவிடுகின்றன. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் எழுதி வைத்த முறை இன்றும் பயன்படுகிறது: சில வாரங்களுக்கு உறவே கூடாது, தொடுவதும் தடவுவதும் மட்டும். பரீட்சையே இல்லை என்றதும் பயம் விலகும். பயம் விலகியதும் உடம்பு தன் வேலையைப் பார்க்கும். இதில் மனைவியின் பங்கு பாதிக்கு மேல்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் தெரிந்தவராக இருப்பார், மருந்து வாங்கும் வரிசையில் பெரியப்பா நிற்பார். அங்கே சுகரையும் பிரஷரையும் மட்டும் பாருங்கள். பரிந்துரைச் சீட்டு கிடைத்தால் வாங்கி வையுங்கள். விஷயத்தைக் கோரிமேடு ஜிப்மரில் சொல்லலாம், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் சொல்லலாம். சீட்டு போடும் இடத்தில் ‘யூராலஜி’ என்றால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. வெறும்வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, காலை நேரத்தில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை வழக்கமான பரிசோதனைகள். அவர் சம்மதித்தால் நீங்களும் உள்ளே போங்கள்.

சட்டையைத் துவைக்க எடுக்கும்போது பையில் நாலு மாத்திரை அட்டை ஒன்று, ஒன்று பிரித்தபடி கிடைக்கலாம். கத்த வேண்டாம், பெயரைப் படியுங்கள். சில்டெனாஃபில் என்றிருந்தால், அது விறைப்புக்காக 1998-இல் வந்த மருந்து, நல்ல மருந்துதான். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதது. ஆசை இல்லாமல் அது வேலை செய்யாது. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். பிரியாணி சாப்பிட்டுப் போட்டால் தாமதமாகும், சாராயத்தோடு போட்டால் பயனும் குறையும், தலையும் சுற்றும். ஒரு தடவை பலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘இழந்த ஆண்மை திரும்பும்’ என்று தேதி போட்டு லாட்ஜுக்குக் கூப்பிடும் வைத்தியர்கள் இருக்கிறார்களே, அந்த விளம்பரமே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூலிகை என்று விற்கும் பல பொட்டலங்களில் சில்டெனாஃபிலையே ஒளித்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள் என்பது விற்றவனுக்கே தெரியாது.

துணையாக நிற்பது என்றால் எல்லாவற்றையும் தாங்குவது இல்லை. வெட்கம் சிலரிடம் சந்தேகமாக மாறும். பூ வைத்தால் கேள்வி, போன் வந்தால் அடி. அது நோயின் கணக்கில் சேராது. பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். உங்களுக்கே வறட்சியோ வலியோ இருந்தால் மகப்பேறு டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசையும் இந்தக் கணக்கில் உண்டு.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வையுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட்டும் விறைப்பு மாத்திரையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், அதே வகை மருந்தான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் இடைவெளி வேண்டும். அவருக்கு நெஞ்சு வலி வந்து 108-இல் ஏற்றினால், எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டார் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கூட யார் நின்றாலும் சரி.