சில நாள் கடைகளின் சுவை

முர்தபாக் ஆண்டு முழுவதும் கிடைக்கின்ற பண்டம். காஹாங்கிலிருந்து குளுவாங் பக்கம் போனாலும் மெர்சிங் பக்கம் போனாலும் ஏதேனும் ஓர் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் அது இருக்கும். அப்படியிருக்க, நோன்பு மாதத்தில் சாலையோரக் கூடாரத்தில் அதே முர்தபாக்கை வாங்க நாம் ஏன் முண்டியடித்து நிற்கிறோம்?

பசி ஒரு காரணம்தான். ஆனால் நோன்பிருக்காத சீனரும் நம்மவரும் அங்கே கூடுகிறோமே! நம்மை இழுப்பது, அந்தக் கடை போய்விடும் என்ற எண்ணம். ரமலான் சந்தைக்கு 29 அல்லது 30 நாள்தான் ஆயுள். பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்தியும் விடுகிறது. நம் நாட்டில் 2024-இல் மார்ச் 12-ஆம் தேதி தொடங்கிய நோன்பு, 2025-இல் மார்ச் 2-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. என்றும் திறந்திருக்கும் கடையை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று ஒத்திப்போடுகிறோம். மூடப்போகும் கடையை ஒத்திப்போட முடிவதில்லை.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. சம்பள நாளன்று தோட்டத்துக்கே வந்து கடை விரித்த வியாபாரிகளையும், திருவிழாக் காலத்துக் கச்சான் பூத்தே வண்டியையும் நம் பெரியவர்கள் நன்கறிவார்கள். உலகப் பணக்காரர்களும் இதற்கு விலக்கல்லர். டென்மார்க்கின் நோமா என்னும் உணவகம் 2017-இல் மெக்சிகோவின் துலும் ஊரில் 7 வாரம் மட்டும் கடை நடத்தியது. ஒருவர் சாப்பாட்டுக்கு 600 அமெரிக்க டாலர்! இடங்கள் எல்லாம் சில மணி நேரத்தில் விற்றுப்போயின. நம் முர்தபாக் வரிசை எவ்வளவோ மேல்.

இனி விற்பவர் பக்கம் வருவோம். கடை வாடகை, முன்பணம் என்று பெருந்தொகை போடாமல், கைமணம் உள்ள ஒரு குடும்பம் தொழிலைச் சோதித்துப் பார்க்க இது நல்ல வழி. ஆனால் கணக்குப் பார்க்காமல் இறங்கலாகாது. ஒரு பேச்சுக்கு, 60 பொட்டலம் நாசி லெமாக் கட்டுகிறோம். ஒன்று 3 வெள்ளி. அரிசி, தேங்காய், நெத்திலி, எரிவாயு, பெட்ரோல் எல்லாம் சேர்த்துச் செலவு 110 வெள்ளி. அத்தனையும் விற்றால் கையில் நிற்பது 70 வெள்ளி. மழை வந்து 15 பொட்டலம் தங்கிவிட்டால் 25 வெள்ளிதான். மிஞ்சியதை மறுநாள் விற்கவும் முடியாது. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் குறைவாகக் கட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கடை சில நாளுக்கென்றாலும் சட்டம் விட்டுவிடாது. நகராண்மைக் கழக உரிமம் வேண்டும். உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அந்த ஊசி 3 ஆண்டுக்குத்தான் செல்லும்.

வாங்குபவருக்கும் ஒரு கணக்கு உண்டு. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்கிறது சுகாதாரத் துறை. பகல் 2 மணிக்கு இறக்கிய கறிக்கு 6 மணியோடு கெடு முடிகிறது. நோன்பு துறக்கும் வேளை நெருங்க, வியாபாரிகள் விலையைக் குறைத்துக் கூவுவார்கள். எப்போது சமைத்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தேங்காய்ப் பால் சேர்ந்த பண்டமென்றால் இன்னும் கவனம் தேவை. மலிவாகக் கிடைத்ததே என்று அதை வைத்திருந்து, மறுநாள் காலை வேலைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.