கண்மாய்க்குள் நிற்கும் குமிழித் தூம்பு

புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்கள் கோடையில் வற்றும்போது, கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் தெரியும். அவற்றைக் குறுக்குக் கற்கள் பிணைத்திருக்கும். குமிழித் தூம்பின் தலைப்பகுதி அது. பல நூற்றாண்டுகள் வயலுக்குத் தண்ணீர் விட்ட பொறி.

வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். கதிர் முற்றும்வரை அதைக் காப்பாற்றி வைக்கச் சரிவான நிலத்தின் குறுக்கே மண்கரை போட்டார்கள். தேக்கியாயிற்று, எடுப்பது எப்படி? மண்கரையில் வாய் வெட்டினால், பாயும் தண்ணீர் கரையையே அரித்துக்கொண்டு போய்விடும். 10 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் ஏறத்தாழ 280 கிலோ எடை அழுத்துகிறது. அங்கே பெரிய கதவு வைத்தால் மனிதக் கையால் தூக்க முடியாது.

அதனால் கரையை விட்டு விலகி, கண்மாயின் தரையில் கல்லால் ஒரு தொட்டி கட்டினார்கள். தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் சுரங்கக் கால்வாய் ஒன்று வயல் பக்கம் போகும். தொட்டியின் மூடுகல்லில் நீரோடித் துளை. அதற்கேற்பச் செதுக்கிய அடைப்புக் கல்லைக் கம்பியில் கோத்து, குறுக்குக் கல்லின் ஓட்டை வழியாக மேலே விட்டிருப்பார்கள். தண்ணீர் திறந்துவிடும் ஆளான நீர்பாய்ச்சி நீந்திப் போய்க் கம்பியைத் தூக்கினால் மடை திறக்கும். துளை சிறியது என்பதால்தான் ஓர் ஆளின் பலம் போதுமானதாக இருந்தது.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது அடியில் இருக்கும் சேறோடித் துளைகள். மேலே திறந்ததும் தொட்டிக்குள் ஓட்டம் பிடிக்கும். அந்த இழுப்பில் தரையை ஒட்டிய சிறு துளைகள் வழியாகச் சுற்றிலும் படிந்த வண்டலும் கலங்கி உள்ளே வரும். தூம்பைச் சுற்றி மண் மேடிடாது, வயலுக்கும் உரம் சேரும். பாசனமும் தூர்வாரலும் ஒரே வேலையாக நடந்தன. கண்மாய் முழுவதற்கும் இது போதாதுதான். கோடையில் ஊர் கூடி வண்டல் அள்ளியே ஆக வேண்டியிருந்தது.

இன்று பெரும்பாலான கண்மாய்களில் கரையிலேயே சிமென்ட் மதகும் திருகு அடைப்பானும் வந்துவிட்டன. அவை கையாளச் சுலபம், பழைய முறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் தூர்வாரப் பொக்லைன் இறங்கும்போது இந்தத் தூண்கள் பெயர்க்கப்படுவதை ஏற்க முடியாது. சிலவற்றில் தூம்பு செய்து கொடுத்தவரின் பெயர் கல்வெட்டாக இருக்கிறது. வேலை தொடங்குமுன் தூணைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் இயந்திரம் நுழையாமல் கையால் மண் எடுக்கலாம். ஊர்க்காரர்கள் ஒப்பந்தக்காரரிடம் இதைக் கேட்க வேண்டும்.